ஒற்றைச்சூட்டுப் படைத்துறைக் கைத்துப்பாக்கிகளின் ஈர்ப்பு: மேற்பரப்புச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒருமுறை மட்டுமே சுடத்தக்க, 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த படைத்துறைக் கைத்துப்பாக்கிகள் இன்று உலக அளவில் சேகரிப்பாளர்களாலும் அருங்காட்சியகங்களாலும் விரும்பிப் பேணப்படுகின்றன. போர்க்கருவி என்ற அளவில் இவை வலுக்குறைந்தவை. அவ்வாறிருந்தும் இவை ஈர்ப்பது ஏன் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கருவியின் உடலில் படிந்துள்ள முத்திரைகள், ஆண்டுப் பொறிப்புகள், மாற்றத் தழும்புகள் ஆகியவற்றைப் படிக்க இயலுவதே ஈர்ப்பின் முதன்மைக் காரணம் என்பதும், ‘முதல்நிலைத் தோற்றம்’ என்பதன்மீதான விருப்பம் அதே சான்றுகளை அழித்துவருகிறது என்பதும் பிரெஞ்சு, பிரித்தானிய, அமெரிக்க எடுத்துக்காட்டுகளின்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படைக்கலவியல், பொருள்சார் பண்பாடு, ஒற்றைச்சூட்டுக் கைத்துப்பாக்கி, முத்திரைகள், மீள்மாற்றம், அருங்காட்சியகவியல்

முன்னுரை

படைக்கலங்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் வாள், வேல், வில் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. சுடுகலன்கள் வரலாற்று நூல்களில் போர் நிகழ்ச்சிகளை விளக்கும் துணைச் செய்தியாகவே இடம்பெறுகின்றன. ஒரு துப்பாக்கியைக் கையிலெடுத்து, ஒரு கல்வெட்டை அல்லது செப்பேட்டை அணுகுவதுபோல அதன் மேற்பரப்பைப் படிக்கும் முயற்சி நம்மிடையே அரிது. மேலைநாடுகளிலோ இத்தகைய வாசிப்பு இரண்டு நூற்றாண்டுச் சேகரிப்பு மரபின் விளைவாக நன்கு வளர்ந்துள்ளது. அம்மரபுக்குள் தனியிடம் பெற்றவை படைத்துறைக்கென அரசு செய்வித்த ஒற்றைச்சூட்டுக் கைத்துப்பாக்கிகள்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சுட்டவேண்டும். இரட்டையர் சண்டைக்கென்று செல்வந்தர்கள் செய்வித்த கைத்துப்பாக்கிகளும் ஒற்றைச்சூட்டு வகையே. அவை வேலைப்பாட்டில் சிறந்தவை; நகைப்பெட்டி போன்ற பெட்டிகளில் வைத்துப் பேணப்பட்டவை. அவற்றின் ஈர்ப்புக்கு விளக்கம் தேவையில்லை. அழகான பொருளை மனிதர் விரும்புவர், அவ்வளவே. படைத்துறைக் கைத்துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. கனமானது, முரடானது, அரசு குறித்த விலைக்குள் செய்து முடிக்கப்பட்டது. அழகைக் கொண்டு விளக்க முடியாத ஈர்ப்பு அதற்கு இருக்கிறது என்பதே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி.

‘பழம்பொருள்’ என்னும் வரையறை

எது பழம்பொருள் என்பதை நாடுகள் வெவ்வேறு அளவுகோல்களால் வரையறுக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898ஆம் ஆண்டையோ அதற்கு முன்பையோ சேர்ந்த சுடுகலனைப் பழம்பொருளாகக் கொள்கிறது. அதே 1968இல் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பழைய சுடுகலனை ஒருவர் அரும்பொருளாகவோ அணிபொருளாகவோ வைத்திருக்கிறாரா என்று வினவுகிறது. அதாவது, உடைமையாளரின் நோக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதம், பழுதுபார்த்தாலும் சுடுவதற்கு உதவாத நிலையில் இருப்பதையே விலக்குக்குரிய அடிப்படையாக்குகிறது. நமது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டமோ நூறாண்டு என்னும் அகவையைப் பொதுவான அளவாக்கியுள்ளது. ஆண்டு, நோக்கம், செயல்திறன், அகவை என அளவுகோல் மாறினாலும், பொருளின்மீது பதிந்துள்ள செய்தி இவற்றுள் எதிலும் அளவுகோலாகவில்லை. சட்டத்தின் பணி அதுவன்று என்பது உண்மையே. எனினும் நாம் தேடும் விடை இவ்வரையறைகளில் இல்லை.

ஒரு சூட்டின் வரம்பு

ஒற்றைச்சூட்டுக் கைத்துப்பாக்கியின் இயக்கம் எளிது. குழல்வாய் வழியே வெடிமருந்தும் ஈயக்குண்டும் இடப்பட்டு ஒரு கோலால் இடித்துத் திணிக்கப்படும். பூட்டின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து தூவப்படும். விசையை இழுத்தால், சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் ‘குதிரை’ முன்னோக்கிப் பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும். தீப்பொறி கிண்ணத்தில் விழும். அந்தத் தீ சிறு துளைவழியே குழலுக்குள் சென்று மருந்தைப் பற்றவைக்கும். ஈரக்காற்று, தேய்ந்த கல், அடைத்த துளை ஆகிய மூன்றில் ஒன்று போதும், சூடு பொய்க்க.

சுட்ட பின்னர் மீண்டும் நிரப்பக் குதிரைமீதிருக்கும் வீரனுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. வழுவழுப்பான குழலுக்குள் எளிதில் இறங்கவேண்டும் என்பதற்காகக் குண்டு குழலைவிடச் சிறிதாகவே வார்க்கப்பட்டது. அமெரிக்கப் படையின் 0.54 அங்குலக் கைத்துப்பாக்கிகளுக்கு ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து 32 குண்டுகள் என்பது கணக்கு. இந்த இடைவெளியால் குறி தவறுவது இயல்பாயிற்று. சில அடி தொலைவுக்கு அப்பால் இக்கருவியை நம்பிய படைவீரன் அறிவாளியல்லன். குதிரைப்படையின் முதன்மைப் படைக்கலம் வாளாகவே இருந்தது. கைத்துப்பாக்கி எச்சரிக்கை வெடிக்கும், இறுதித் தற்காப்புக்கும், நெருங்கிய கைகலப்பில் ஒரேயொரு முறைக்கும் பயன்பட்டது.

இந்த வரம்பே கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது கவனிக்கத்தக்கது. 1796ஆம் ஆண்டளவில் பிரித்தானியக் குதிரைப்படைக்கென அறிமுகமான புதிய தரைப்படை மாதிரியில், திணிக்கும் கோல் ஒரு கீல்வழியே குழலோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஓடும் குதிரையில் கோல் கைநழுவி விழுந்துவிட்டால் துப்பாக்கி வெறும் மரக்கட்டையாகிவிடும் என்பதே காரணம். கடற்படை மாதிரியின் இடப்புறத்தில் நீண்ட எஃகுக் கொக்கி உண்டு; கப்பலேறுபவன் இரு கைகளும் விடுபட்டிருக்க, துப்பாக்கியை இடுப்புவாரில் செருகிக்கொள்ளும் பொருட்டு அமைந்தது அது. பிடியின் அடியில் தடித்த பித்தளைக் குமிழ் அமைந்திருக்கும். சுட்டபின் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துத் தடியாகப் பயன்படுத்தலாம் என்பதை அக்குமிழின் கனம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. ஒவ்வோர் உறுப்பும் ‘இரண்டாவது சூடு இல்லை’ என்னும் உண்மைக்கு விடையளிக்கும் வகையில் அமைந்துள்ளது. பிற்கால ரிவால்வரில் இத்தகைய வெளிப்படைத்தன்மை இல்லை. அதன் பொறியமைப்பு உள்ளே மறைந்திருக்கிறது. சேகரிப்பாளர் பலர் எளிய பழைய வடிவத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் இது மட்டுமே காரணமானால், நன்கு செய்யப்பட்ட புதிய நகலும் அவர்களை நிறைவுபடுத்தியிருக்கும். அது நிறைவுபடுத்துவதில்லை.

அரசு ஆவணமாகும் கருவி

நகலில் இல்லாததும் மூலத்தில் இருப்பதும் முத்திரைகள். அரசின் கைத்துப்பாக்கி எத்தனை கைகளைக் கடந்து படைவீரனிடம் சேர்ந்ததோ அத்தனை கைகளும் அதில் தம் அடையாளத்தை விட்டுச்சென்றுள்ளன.

பிரான்சின் ‘13ஆம் ஆண்டு’ மாதிரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 17.1 மில்லிமீட்டர் குழல்விட்டம் கொண்ட இக்கைத்துப்பாக்கி நெப்போலியனின் குதிரைப்படையில் பரவலாக வழங்கியது. ‘13ஆம் ஆண்டு’ என்பது புரட்சிக் குடியரசின் நாட்காட்டிப்படியான பெயர். 1804 செப்டம்பர் முதல் 1805 செப்டம்பர் வரையிலான காலம் அது. ஆனால் 1804 மே மாதத்திலேயே நெப்போலியன் பேரரசராக அறிவிக்கப்பட்டுவிட்டார். எனவே பேரரசுக்காலத்தில் செய்யப்பட்ட துப்பாக்கிகளின் பூட்டுத்தகட்டில், சேந்த் எத்தியேன், மோபேஜ், ஷார்ல்வில் முதலிய ஊர்களின் பெயரோடு ‘பேரரசு உற்பத்திச்சாலை’ என்னும் தொடர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாதிரியின் பெயர் குடியரசுடையது, பொறிப்பு பேரரசுடையது. 1806 சனவரி முதல் நாளோடு அந்நாட்காட்டியும் கைவிடப்பட்டது. மாதிரியின் பெயர்மட்டும் நிலைத்தது. 1814இல் மன்னராட்சி திரும்பியபோது ‘பேரரசு’ என்னும் சொல் ‘அரச’ என்று மாறியது. துப்பாக்கியின் வடிவம் மாறவில்லை, செய்த கைகளும் பெரும்பாலும் அவையே. பத்தாண்டு அரசியல் வரலாற்றை ஒரு பூட்டுத்தகட்டின் சொல் மாற்றத்தில் காணமுடிகிறது. சாசனங்களில் மெய்க்கீர்த்தியைக் கொண்டு மன்னனை அடையாளங்காணும் பயிற்சியுடைய நமக்கு இவ்வாசிப்புமுறை அயலானதன்று.

பிரித்தானியக் கைத்துப்பாக்கிகளில் மகுடமும் மன்னரின் தலைப்பெழுத்துகளும் ‘டவர்’ என்னும் சொல்லும் காணப்படும். இவற்றோடு அகன்ற அம்பு வடிவ முத்திரை ஒன்றும் உண்டு. அது ‘இப்பொருள் அரசின் உடைமை’ என்பதற்கான அடையாளம். படையிலிருந்து நீக்கப்பட்டு விற்கப்படும்போது, நுனிகள் ஒன்றையொன்று நோக்குமாறு இரண்டு அம்புகள் பொறிக்கப்படும். உடைமை கைமாறியதற்கான பத்திரப்பதிவு அது என்றே சொல்லலாம். பணிக்குள் நுழைந்த நாளும் பணியிலிருந்து வெளியேறிய நாளும் ஒரே கருவியில் பதிவாகும் வேறு பொருள்கள் மிகக் குறைவு.

தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகள். கம்பெனி தன் படைக்கலங்களை இங்கிலாந்திலேயே ஒப்பந்தக்காரர்களிடம் செய்வித்து, அங்கேயே சரிபார்த்துக் கப்பலேற்றியது. 18ஆம் நூற்றாண்டின் பூட்டுத்தகடுகளில் செய்தவரின் பெயரும் ஆண்டும் காணப்படுகின்றன. அவற்றோடு இதய வடிவத்துக்குள் ‘வி.இ.ஐ.சி.’ என்னும் நான்கெழுத்துகள் கொண்ட கம்பெனியின் சரக்கு முத்திரையும் உண்டு. இங்கு ‘வி’ என்பது லத்தீன் எழுத்துமரபின்படி ‘யு’வுக்கு உரியது, ‘யுனைட்டெட்’ என்பதன் முதலெழுத்து. சென்னை மாகாணத்து நாணயவியலில் பழகியோர் இம்முத்திரையை உடனே அறிந்துகொள்வர். 1794இல் வட சர்க்கார் பகுதிக்கென அச்சிடப்பட்ட செப்புக்காசுகளில் இடம்பெறுவதும் இதே முத்திரைதான். மூட்டையின்மீது குத்திய வணிகக் குறி காசிலும் துப்பாக்கியிலும் ஒன்றுபோல இடம்பெற்றதில், வணிகக் கழகம் ஆட்சியாளராக மாறிய வரலாறு அடங்கியுள்ளது. 1808இல் இம்முத்திரையின் இடத்தைப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் பிடித்துக்கொண்டது. வணிகனின் குறி விலகி, அரசச்சின்னத்தின் தோற்றம் வந்தது. இம்மாற்றத்தைக் கம்பெனியின் தன்னுணர்வில் ஏற்பட்ட மாற்றமாகவே கொள்ளலாம் என்பது என் கருத்து. திப்பு வீழ்ந்து ஒன்பது ஆண்டுகளும், தென்பாளையங்கள் ஒடுக்கப்பட்டு ஏழாண்டுகளும் கழிந்திருந்த காலம் அது.

ஒப்பந்தமும் ஒத்த உறுப்புகளும்

அமெரிக்கக் கைத்துப்பாக்கிகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. அந்நாட்டரசு 1799இல் கனெக்டிகட் மாநிலத்தின் பெர்லின் ஊரினரான சிமியன் நார்த்துடன் செய்த கைத்துப்பாக்கி ஒப்பந்தம் 500 எண்ணிக்கைக்கானது. அடுத்த ஆண்டு மேலும் 1,500 சேர்க்கப்பட்டன. வடிவம் பிரெஞ்சு 1777 மாதிரியின் நகல். 1813இல் அவரோடு ஏற்பட்ட மற்றோர் ஒப்பந்தமே தொழில்நுட்ப வரலாற்றாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசுவது. 20,000 கைத்துப்பாக்கிகளைச் செய்யவேண்டும். ஒன்றின் எந்த உறுப்பும் மற்ற எதிலும் பொருந்தவேண்டும் என்பது அதன் விதி.

அதுவரை ஒரு துப்பாக்கியின் திருகாணி அத்துப்பாக்கிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கொல்லன் அரத்தால் இழைத்து இழைத்து ஒன்றுக்கொன்று பொருத்தியமையால், கழற்றும்போது உறுப்புகள் கலந்துவிடாதிருக்க உட்புறத்தில் எண்குறிகளையோ உளிக்கோடுகளையோ இடுவது வழக்கம். பழைய கைத்துப்பாக்கியின் பூட்டைக் கழற்றினால் இக்குறிகளைக் காணலாம். வெளிப்புற முத்திரை அரசின் குரல் என்றால், இது பட்டறையின் குரல். உறுப்புகள் ஒன்றையொன்று ஒத்தவையாகச் செய்யப்பட்டபோது இந்த உட்குறிகளுக்குத் தேவை இல்லாமற்போயிற்று. நார்த் தம் ஒப்பந்த விதியை எந்த அளவுக்கு நிறைவேற்றினார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்க்க வல்ல சான்று ஏட்டிலன்று, எஞ்சியுள்ள துப்பாக்கிகளின் உட்புறத்தில்தான் இருக்கிறது. இதனாலேயே அவற்றுள் ஒன்று சிதைந்தாலும் ஆய்வுக்கு இழப்பு.

1836ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு விந்தையான ஆண்டு. அமெரிக்கப் படையின் கடைசிச் சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி அவ்வாண்டின் மாதிரியாக வழங்குகிறது. சாமுவேல் கோல்ட் தம் சுழலும் அறையுடைய துப்பாக்கிக்கு அமெரிக்க உரிமம் பெற்றதும் அதே ஆண்டின் பிப்ரவரியில்தான். எதிர்காலம் வாசலில் வந்து நின்றபோதும் படைத்துறை பழைய வடிவத்தையே தொடர்ந்தது. 1842 மாதிரி இன்னும் தெளிவான சான்று. கல்லுக்குப் பதிலாகச் செப்புக் ‘கேப்’ கொண்டு சுடும் இந்த 0.54 அங்குலக் கைத்துப்பாக்கிகளை மிடில்டவுன் நகரத்து ஹென்றி ஆஸ்டனிடம் 1845இல் 30,000 எண்ணிக்கையில், ஒன்று ஆறரை டாலர் விலைக்கு அரசு ஒப்பந்தம் செய்தது. 1851இல் ஐரா ஜான்சனிடம் மேலும் 10,000. இடையே 1846-48 மெக்சிகோப் போரில் கோல்ட்டின் ஆறுசூட்டு ரிவால்வர் களமிறங்கிவிட்டது. எனினும் ஒற்றைச்சூட்டு உற்பத்தி 1850களின் முற்பகுதிவரை நிற்கவில்லை. ஒப்பந்தம் என்பது பொறியியலின் வேகத்தில் நகர்வதில்லை. இதே போக்கில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச்சாலை 1855 மாதிரியில், கழற்றிப் பூட்டத்தக்க மரப்பின்பகுதியுடன் 12 அங்குலக் குழல் கொண்ட 4,021 கைத்துப்பாக்கிகளைச் செய்தது. கைத்துப்பாக்கியாகவும் குறுந்துப்பாக்கியாகவும் பயன்படட்டும் என்னும் எண்ணம். இரண்டாகவும் அது சிறக்கவில்லை. எட்வர்டு மேனார்டு என்னும் பல்மருத்துவர் 1845இல் உரிமம் பெற்ற, காகிதச் சுருளில் மருந்துப்பொட்டுகள் வைத்த அமைப்பு அதில் இடம்பெற்றது. தீபாவளிக்கு நம் குழந்தைகள் பொம்மைத் துப்பாக்கியில் மாட்டும் ‘ரோல் கேப்’ இதே முறைதான்.

1842 மாதிரியின் பூட்டுத்தகட்டில் ‘யு.எஸ்.’ என்னும் எழுத்துகள், செய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவையும், குழலில் மீண்டும் ஆண்டும், குழல் சோதனையில் தேறியதற்கான ‘பி’ எழுத்தும், சரிபார்த்த அலுவலரின் தலைப்பெழுத்துகளும் இருக்கும். மரப்பிடியின் இடப்புறத்தில் மெல்லிய கோட்டுச் சட்டத்துக்குள் மீண்டும் தலைப்பெழுத்துகள் அழுத்தப்பட்டிருக்கும். பூட்டின் ஆண்டும் குழலின் ஆண்டும் ஓராண்டு வேறுபட்டிருந்தால் அதனைப் போலி என்று தள்ளிவிடலாகாது. உறுப்புகள் ஒத்தவையாதலால், முந்தைய ஆண்டின் குழல் அடுத்த ஆண்டின் பூட்டோடு சேர்ந்திருக்கலாம். முரண்போலத் தோன்றும் இவ்வேறுபாடே ஒத்த உறுப்பு முறை நடைமுறைக்கு வந்ததன் தடயம். இதனை அறியாதவர் இருவேறு துப்பாக்கிகளிலிருந்து ‘ஆண்டு பொருந்திய’ ஒன்றை உருவாக்க முற்படுவர். அவ்வாறு செய்யுமிடத்துத் தடயம் மறைந்துபோகும்.

மாற்றமும் மீள்மாற்றமும்

சான்றழிப்பின் மிகக் கடுமையான வடிவம் மீள்மாற்றம். இதனை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரில் மதகுருவாக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், பறவை வேட்டையில் விருப்பமுடையவர். கிண்ணத்து மருந்தின் ஒளியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவது அவருக்கு இடையூறாயிற்று. தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு சுடும் முறைக்கு அவர் 1807இல் உரிமம் பெற்றார். இம்முறை செப்புக் கேப்பாக வளர்ச்சியுற்றுப் படைகளில் நிலைபெற்றபோது, கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கிகளை எறிந்துவிட எந்த அரசும் விரும்பவில்லை. கிண்ணத்தை அறுத்தெடுத்து, எஃகுத் தகட்டை நீக்கி, அவற்றின் திருகாணித் துளைகளை அடைத்து, குழலின் பக்கத்தில் கேப் வைக்கும் முளையைப் பொருத்திப் புதிய குதிரையை மாட்டினர். பிரான்சின் 1822 மாதிரியில் பல இவ்வாறு மாற்றப்பட்டதோடு குழலுக்குள் திருகுவரியும் இடப்பட்டது. அடைக்கப்பட்ட துளைகள் பூட்டுத்தகட்டில் வட்டத் தழும்புகளாக இன்றும் தெரியும்.

இத்தழும்புகள் ஒரு துப்பாக்கி இருமுறை பணிபுரிந்ததைக் காட்டுகின்றன. முதல் தலைமுறை வீரன் கல்லைக் கொண்டு சுட்டான். அவனுடைய மகன் வயதுடையவன் கேப்பைக் கொண்டு சுட்டான். ஆனால் சந்தையில், மாற்றப்படாத சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கே விலை மிகுதி. ஆகவே 20ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்ட துப்பாக்கிகளை மறுபடியும் சிக்கிமுக்கியாக்கும் தொழில் தோன்றியது. முளை அகற்றப்படும், புதிய கிண்ணம் ஒட்டப்படும், பிற துப்பாக்கியிலிருந்து எடுத்த அல்லது புதிதாக வார்த்த குதிரை பொருத்தப்படும், பழமை தோன்றுமாறு அமிலமிட்டுக் கறைபடுத்தப்படும். இதன்பின் அதனைப் பார்ப்பவர் காண்பது 1810ஆம் ஆண்டின் துப்பாக்கியை அன்று. 1810இல் அத்துப்பாக்கி எப்படி இருந்திருக்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் கைவினைஞர் ஒருவர் கருதியதைத்தான். இடையில் கிடந்த முப்பது, நாற்பது ஆண்டுப் பணிக்காலம் நீக்கப்பட்டுவிட்டது.

இதனை வெறும் மோசடி என்று மட்டும் காண்பது போதாது. விற்பவர் உண்மையை மறைத்தால் அது மோசடி. மறைக்காமல் செய்பவரும் உளர். அவர்கள் இதனை ‘மீட்டெடுத்தல்’ என்றே அழைக்கின்றனர். சிக்கல் அச்சொல்லில்தான் இருக்கிறது. எந்த நிலைக்கு மீட்பது? தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய முதல் நாளின் நிலைதான் உண்மையான நிலை என்று யார் வரையறுத்தார்? பழைய கோயில் மண்டபத்தின் பிற்காலத் திருப்பணிக் கல்வெட்டை, ‘மூலக் கட்டடத்தின்’ தூய்மையைக் காட்டுவதற்காக ஒருவர் செதுக்கி எறிந்தால் நாம் ஏற்போமா? மணல்வீச்சால் கல்வெட்டுகள் மங்கிப்போன கோயில்களைப் பார்த்தவர்களுக்கு இவ்வினா வெறும் உவமையாகத் தோன்றாது.

மெருகேற்றலும் இவ்வகையினதே. மரப்பிடியை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கும்போது முதலில் மறைவது இடப்புறத்து அலுவலர் முத்திரை. அது ஆழமாகக் குத்தப்பட்டதன்று, மரத்தில் அழுத்தப்பட்டது மட்டுமே. குழலைப் பளபளப்பாக்கினால் சோதனை எழுத்துகள் விளிம்பிழக்கும். பித்தளைக் குமிழில் கீறப்பட்ட படைப்பிரிவின் எண், ஒருவேளை ஒரு வீரன் கத்தியால் கீறிய பெயரெழுத்து, இவையெல்லாம் ‘கறை’ என்று துடைக்கப்படும். பளபளக்கும் பித்தளையைக் காட்சிப்பேழையில் காணும்போதெல்லாம் என்ன துடைக்கப்பட்டது என்று வினவும் பழக்கம் ஆய்வாளனுக்கு வேண்டும்.

முத்திரையில்லாத் துப்பாக்கி

முத்திரையே ஈர்ப்பின் அடிப்படை என்னும் கருத்துக்கு மறுப்பாக ஒரு துப்பாக்கியைச் சுட்டலாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த கைடு லாம்ப் என்னும் விளக்குத் தொழிற்சாலை பத்து இலட்சம் ஒற்றைச்சூட்டுக் கைத்துப்பாக்கிகளைச் சில மாதங்களில் செய்து முடித்தது. பிற்காலத்தில் ‘லிபரேட்டர்’ என்று பெயர்பெற்ற இது, எதிரியின் பிடியிலிருந்த நாடுகளின் எதிர்ப்பியக்கத்தாருக்கென்று எண்ணப்பட்டது. தகட்டை அச்சில் அழுத்தி, 23 உறுப்புகளால் ஆக்கப்பட்டது. வரிசை எண் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. பெரும்பகுதி வழங்கப்படாமலே உருக்கப்பட்டது.

அகவையால் இது முன்னர்க் கண்ட வரையறைகள் பலவற்றுக்குள் அடங்காது. ஆனால் ஒற்றைச்சூட்டுப் படைத்துறைக் கைத்துப்பாக்கி மரபின் எச்சம் என்பதில் ஐயமில்லை. இது சேகரிப்பாளர்களிடையே பெருமதிப்புப் பெற்றுள்ளது. அப்படியானால் முத்திரை வேண்டியதில்லையா? நுணுகி நோக்கினால் கருத்து வலுவே பெறுகிறது. யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக அடையாளம் தவிர்க்கப்பட்டது. அந்த வெறுமையே வேண்டுமென்று பதிக்கப்பட்ட ஒரு குறி. மேலும், சேகரிப்பாளர் இத்துப்பாக்கியோடு மிகவும் தேடுவது, அதனோடு வந்த மெழுகுபூசிய அட்டைப்பெட்டியையும், எந்த மொழியினரும் புரிந்துகொள்ளும் பொருட்டுச் சொற்களின்றிப் படங்களால் மட்டுமே ஆன செய்முறைத்தாளையும்தான். கருவியின் உடலில் எழுத்து இல்லாதபோது எழுத்தின் இடத்தை வேறொன்றில் தேடுகின்றனர்.

இதற்கு நேரெதிரான நிலையில் இருப்பது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி மாதிரி. அமெரிக்க அரசின் சொந்தப் படைக்கலச்சாலையில் செய்யப்பட்ட முதல் கைத்துப்பாக்கி இது. 1806 முதல் 1808 வரை 4,096 மட்டுமே செய்யப்பட்டன. இவை இணைகளாகக் கணக்கிடப்பட்டன. இணையின் இரண்டுக்கும் ஒரே எண். இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னர் ஒரே எண்ணுடைய இரண்டு ஒன்றுசேர்வது அரிதினும் அரிது. 1922இல் அந்நாட்டுப் படைக்காவல் பிரிவுக்குச் சின்னம் தேவைப்பட்டபோது, அன்று பயன்பாட்டில் இருந்த எந்தத் துப்பாக்கியும் தேர்ந்தெடுக்கப்படவில்லை; குறுக்காக வைக்கப்பட்ட இரு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி கைத்துப்பாக்கிகளே சின்னமாயின. பயன்படும் கருவிக்கு மாதிரி மாறிக்கொண்டேயிருக்கும். பயன்பாடு முடிந்த கருவிக்கு வடிவம் நிலைத்துவிடுகிறது.

காட்சிக்குறிப்பில் இருக்கவேண்டியவை

பன்னாட்டு அருங்காட்சியக அவையின் ஒழுக்கநெறிகள், பேணுகைப் பணி எதுவாயினும் பதிவுசெய்யப்பட வேண்டும், இயன்றவரை மீளப்பெறத்தக்கதாக இருக்கவேண்டும், மாற்றங்கள் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கவையாக இருக்கவேண்டும் என்று வலியுறுத்துகின்றன. ஒற்றைச்சூட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை இந்நெறி நடைமுறையில் எளிய சில செயல்களாகவே அமையும். மாற்றப்பட்ட பூட்டை மாற்றப்பட்டதாகவே காட்டவேண்டும். முத்திரைகளைச் சாய்வொளியில் படமெடுத்து, படியெடுத்த எழுத்துகளோடு பதிவேட்டில் சேர்க்கவேண்டும். தேய்ந்த கல்வெட்டுகளுக்கு நம் ஆய்வாளர் செய்துவரும் பணியே இது. கழற்றிப் பேணும் வாய்ப்பு நேரும்போது, உட்புறத்துப் பட்டறைக்குறிகளையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அத்தகைய வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைகூட வருவதில்லை.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் அருங்காட்சியகம் 1948 முதல் இயங்கிவருகிறது. அதன் படைக்கலக் காட்சியில் வாள்கள், பீரங்கிகளோடு கைத்துப்பாக்கிகளும் இடம்பெற்றுள்ளன. பொதுவாக இந்திய அருங்காட்சியகங்களில் சுடுகலனுக்கான காட்சிக்குறிப்பு பெயர், நூற்றாண்டு என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுவதைக் காண்கிறோம். கம்பெனிக் காலத்துக் கைத்துப்பாக்கி ஒன்றின் குறிப்பில் அதன் பூட்டில் இருப்பது இதயமுத்திரையா சிங்கமா என்பதும், கல்லா கேப்பா என்பதும், மாற்றத் தழும்பு உண்டா என்பதும், பிடியில் படைப்பிரிவின் எண் உண்டா என்பதும் இடம்பெற்றால், அது 1808க்கு முன்னதா பின்னதா, எத்தனை தலைமுறை வீரர்களின் கையில் இருந்தது, எந்தப் படையணியினது என்பனவற்றை ஆய்வாளர் காட்சிப்பேழையின் முன்னின்றே அறிந்துகொள்ளலாம். இந்நான்கு வினாக்களுக்கும் விடை காணக் கருவியைக் கழற்ற வேண்டியதில்லை. நல்ல விளக்கொளியும் உருப்பெருக்குக் கண்ணாடியும் போதும்.